உறங்கத் தெரியாத கிழங்கு

யூக்ளிடின் வடிவியலில் முதல் ஆறு பாகங்களை 1607-ல் சீன மொழிக்குக் கொண்டுவந்தவர் சூ குவாங்சி. மத்தேயோ ரிச்சி என்ற இத்தாலியப் பாதிரியார் பொருள் சொல்ல, இவர் எழுதினார். அதே ஆண்டு தந்தை இறந்துவிட, துக்கம் காக்க ஷாங்காய்க்குத் திரும்பினார். மறு ஆண்டு யாங்சி ஆற்றுக்குத் தெற்கே பெருவெள்ளம். கோதுமையும் போயிற்று, நெல்லும் போயிற்று. அந்த நேரத்தில் கணித அறிஞர் நாடியது ஒரு கிழங்கை.

தெற்கே ஃபூஜியன் கடற்கரைக்குச் சர்க்கரைவள்ளி வந்து அப்போது பதினைந்து ஆண்டுகள்தான் ஆகியிருந்தன. லூசோன் தீவில் வாணிபம் செய்த சென் ஜென்லோங் 1593-ல் அதன் கொடியைக் கொண்டுவந்தார். கப்பல் கயிற்றோடு கயிறாக முறுக்கி ஒளித்து வந்தார் என்று கதை உண்டு. சூ குவாங்சிக்கு ஃபூஜியன்காரர் ஒருவர் மூன்று முறை விதைக்கொடி கொண்டுவந்து கொடுத்தார். ஷாங்காய் மண்ணில் அது செழித்து வளர்ந்தது. 1608-ல் அதற்கென்றே ஒரு சிறு நூல் எழுதினார்.

விளைய வைத்ததைவிட, விளைந்ததை அடுத்த வசந்தம் வரை உயிரோடு வைத்திருப்பதற்குத்தான் அவர் அதிகம் மூளையைக் கசக்கியிருக்கிறார் என்று எனக்குத் தோன்றுகிறது. ஷாங்காயின் ஜனவரிச் சராசரி சுமார் 5 டிகிரி செல்சியஸ். மண்ணிலேயே விட்ட கிழங்கு மார்கழி நடுவில் அழுகிவிடும். தோண்டி வெளியே வைத்தால் குளிரில் கெடும், குழியில் புதைத்தால் ஈரத்தில் கெடும். இந்த இரண்டுக்கும் இடையில் வழி தேடிய அவர், வைக்கோல் பரப்பிய குழியை வீட்டின் வெயில் படும் பக்கத்தில் வெட்டச் சொன்னார். இன்னொரு வழியும் சொன்னார். இலையுதிர் காலத்தில் அடிப்பக்கத்து முற்றிய கொடியைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, சிறு கட்டுகளாக நெருக்கி நட்டு, குளிர் வந்ததும் வைக்கோலால் மூடுவது. வசந்தத்தில் பிரித்து நடுவது. அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் வீட்டுத் தோட்டக்காரர்கள் அட்டைப்பெட்டியும் ஜன்னலோரத் தொட்டியுமாக இன்று செய்வது இந்த இரண்டையும்தான்.

இந்தக் கிழங்குக்கு ஏன் இவ்வளவு பாடு? உருளைக்கிழங்கைப் பாருங்கள். அது மண்ணுக்குள் பருத்த தண்டு. ஆண்டிஸ் மலைக் குளிரில் பிறந்தது. தோண்டிய பிறகு சில வாரங்கள் முதல் சில மாதங்கள் வரை, சூழ்நிலை எவ்வளவு இதமாக இருந்தாலும் முளைக்காது. அதன் கண்களுக்குள் ஹார்மோன்கள் போட்ட பூட்டு அது. 4 டிகிரியில் வைத்தால் பூட்டு திறந்த பிறகும் அசையாமல் கிடக்கும்.

சர்க்கரைவள்ளி தண்டே அல்ல, பருத்த வேர். அமெரிக்க வெப்ப நிலங்களில் பிறந்த பல்லாண்டுக் கொடி அது. நம் கடற்கரை மணலில் ஊதாப் பூ பூத்துக் கிடக்கும் அடப்பங்கொடிக்கு ஒன்றுவிட்ட உறவு. பிறந்த இடத்தில் குளிர்காலம் என்று ஒன்று இல்லாததால், அதைத் தூங்கிக் கழிக்க வேண்டிய அவசியமும் அதற்கு வரவில்லை. உண்மையான உறக்கநிலை அதன் வேருக்குக் கிடையாது. வெப்பம் 16 டிகிரியைத் தாண்டி நிலைத்தால் முளைவிடத் தொடங்கும், பெரும்பாலும் கொடியோடு ஒட்டியிருந்த முனையிலிருந்து. 12 டிகிரிக்குக் கீழே போனால் உள்ளுக்குள் சாகத் தொடங்கும். ஆக, முளைக்காமலும் சாகாமலும் அதை நிறுத்திவைக்க நமக்குக் கிடைப்பது 13 முதல் 15 வரை உள்ள ஒரு குறுகிய இடுக்கு. கிழங்கைச் சேமிக்கும் கலை முழுவதும் இந்த இடுக்குக்குள்தான் நடக்கிறது.

குளிர் என்ன செய்கிறது? உறைந்து பனிக்கட்டியானால் செல்கள் கிழியும் என்பது எல்லோரும் ஊகிக்கக்கூடியது. இங்கே நடப்பது உறைநிலைக்கு மேலேயே நடக்கும் சேதம். செல்லின் சவ்வுகள் கொழுப்பால் ஆனவை. வெப்ப நிலத்துச் செடிகளில் அந்தக் கொழுப்பு குளிரில் இறுகிப்போகிறது. சவ்வில் கசிவு ஏற்படுகிறது. மைட்டோகாண்ட்ரியாவின் வேலை தடுமாறுகிறது. ஏமாற்று என்னவென்றால், குளிரில் இருக்கும்வரை கிழங்கு பார்க்க நன்றாகவே இருக்கும். வெளியே எடுத்துச் சில நாள் ஆன பிறகுதான் தோலில் குழி விழும், உள்ளே பழுப்பேறும், பூஞ்சை ஏறும். சில கிழங்குகள் வெளியே எந்த அறிகுறியும் காட்டாது. எவ்வளவு நேரம் வேகவைத்தாலும் நடுப்பகுதி மட்டும் கட்டையாகவே நிற்கும். ஃப்ரிட்ஜின் காய்கறித் தட்டில் வாரக்கணக்கில் கிடந்த கிழங்கு குக்கரில் எத்தனை விசில் விட்டும் வேகவில்லை என்றால், காரணம் இதுவாக இருக்கலாம். சேதம் டிகிரியையும் நாளையும் சேர்த்துக் கணக்கு வைக்கும்: 10 டிகிரியில் ஓரிரு நாளைப் பொறுத்துக்கொள்ளும், அதே 10-ல் சில வாரங்களைப் பொறுக்காது. சென்னை போன்ற ஊரில் இருப்பவர்களுக்கு 14 டிகிரி அறை வாய்க்காது. நமக்கு எளிய வழி, கொஞ்சமாக வாங்கி, காற்றோட்டமான இருட்டு மூலையில் போட்டு, சீக்கிரம் தின்றுவிடுவது.

மாவோரிகளுக்கு அந்த வசதி இல்லை. பசிபிக்கின் வெப்பத் தீவுகளிலிருந்து கிழங்கை எடுத்துக்கொண்டு 13-ஆம் நூற்றாண்டுவாக்கில் நியூசிலாந்தில் இறங்கியவர்களின் முன்னோர், அதுவரை வெட்டி நட்டு வெட்டி நட்டே பழகியவர்கள். ஆண்டு முழுவதும் கொடி பச்சையாக இருக்கும் தீவில் சேமிப்பு என்ற சிந்தனைக்கே இடமில்லை. புதிய நாட்டில் உறைபனி கொடியைக் கொன்றது. அவர்கள் வெப்ப நிலத்துப் பல்லாண்டுப் பயிரை ஆண்டுப் பயிராக மாற்றினார்கள். குளிர்காலத்தை மண்ணுக்கடியில் கடத்தினார்கள். ரூவா குமரா என்று அவர்கள் அழைக்கும் சேமிப்புக் குழிகள், வடிகாலுள்ள சரிவிலும் மேட்டிலும் வெட்டியவை, மேலே கூரை வேய்ந்தவை. சில அடி ஆழத்தில் மண்ணின் வெப்பம் இரவு பகலுக்கு ஏற்ப ஆடாது; மூடிய குழியில் கிழங்குகள் விடும் மூச்சே காற்றை ஈரமாக வைத்திருக்கும். கீறலோ அடியோ பட்ட கிழங்கு ஒன்றுகூட உள்ளே போகக்கூடாது என்பது கண்டிப்பான விதி. அறுவடையிலிருந்து அடுக்குவது வரை சடங்குக் கட்டுப்பாடுகள் சூழ்ந்திருந்தன. கிழங்கைத் தூக்கி எறியாமல் கையால் எடுத்து வைக்க வைத்ததில் அந்தக் கட்டுப்பாடுகளுக்கும் பங்கு இருக்கும் என்று நம்புகிறேன். தெற்குத் தீவில் டனீடன் அருகே பூராகௌனுயி கடற்கரைக் குழிகளில் இக்கிழங்கின் மாவுத் துகள்கள் கிடைத்திருக்கின்றன. காலம் 15-ஆம் நூற்றாண்டு. இன்று அந்தப் பகுதியில் அது விளைவதே இல்லை, அவ்வளவு குளிர்.

அடிபட்டது கூடாது என்ற விதிக்குப் பின்னால் இருக்கும் உயிரியலைப் பார்ப்போம். உருளைக்கிழங்கின் தோலோடு ஒப்பிட்டால் சர்க்கரைவள்ளியின் தோல் மிக மெல்லியது. எவ்வளவு பக்குவமாகத் தோண்டினாலும் உரசல், கீறல், முனை முறிவு இல்லாமல் வராது. ஒவ்வொரு புண்ணும் பூஞ்சைக்குத் திறந்த வாசல். ஆனால் வேர் உயிரோடு இருக்கிறது, புண்ணை ஆற்றிக்கொள்ளத் தெரிந்தது. வெட்டிய இடத்தில் முதலில் வெள்ளைப் பால் கசியும். மேல் அடுக்குச் செல்கள் காய்ந்து போகும். அதற்கு அடியில் உள்ள செல்கள் தம் சுவர்களில் லிக்னினையும் சூபரினையும் படிய வைக்கும்; மரப்பட்டையைக் கெட்டியாக்கும் அதே பொருள்கள். அதற்கும் அடியில் செல்கள் பிரிந்து பெருகிப் புதுத் தோல் ஒன்றை நெய்யும்.

இதெல்லாம் எந்த வேகத்தில் நடக்கும் என்பது வெப்பத்தின் கையில் இருக்கிறது. 29, 30 டிகிரியும் 85 முதல் 90 சதம் ஈரப்பதமும் இருந்தால் நான்கிலிருந்து ஏழு நாளில் புண் முழுவதும் ஆறிவிடும். 20 டிகிரிக்குக் கீழே அது இழுத்துக்கொண்டே போகும், அதற்குள் பூஞ்சை முந்திவிடும். காற்று வறண்டிருந்தாலும் வேலை கெடும்: மேல் செல்கள் ஆழம்வரை காய்ந்துபோய், ஆற்ற வேண்டிய செல்களே இல்லாமல் போகும். குளிரில் இருந்து காக்க வேண்டிய கிழங்கை முதலில் புழுக்கத்தில் போட வேண்டும் என்பது முதல் முறை கேட்பவருக்கு விசித்திரமாகத்தான் இருக்கும். சின்ன வெங்காயத்தைப் பட்டறை போடும் நம் விவசாயி காற்றை வறட்சியாக ஓட விட்டுத் தோலைக் காய வைக்கிறார். சர்க்கரைவள்ளிக்கு வேண்டியதோ சென்னையின் ஐப்பசிப் புழுக்கம். தோண்டிய அன்றே தொடங்கிவிடுவது நல்லது. மண்ணைக் கழுவக்கூடாது, உதறினால் போதும்.

அமெரிக்காவின் தென் மாநிலங்கள் இதைக் கற்றுக்கொள்ள நீண்ட காலம் ஆயிற்று. வயலிலேயே கிழங்கைக் குவித்து, பைன் ஊசியிலையும் சோளத்தட்டையும் போட்டு, மேலே மண் மூடும் வழக்கம் அங்கே இருந்தது. ஒரு குவியலில் ஒன்று அழுகினால் பக்கத்திலுள்ளதும் போகும். அலபாமாவின் டஸ்கீகியில் இருந்த வேளாண் அறிஞர் ஜார்ஜ் வாஷிங்டன் கார்வர், ஏழை கறுப்பின விவசாயிகளுக்காக எழுதிய சிறு வெளியீடுகளில் ஒன்று, 1922-ல் வந்தது, சர்க்கரைவள்ளியை எப்படிக் காப்பாற்றி வைப்பது என்பதைப் பற்றியது. நிலக்கடலையோடு மட்டுமே அவர் பெயரைச் சேர்த்துப் பேசுவது அநியாயம். இப்போது அந்நாட்டில் முதலிடம் வகிக்கும் வட கரோலினாவில், மின்விசிறிகள் பெட்டி அடுக்குகளின் ஊடே காற்றை இழுக்கும் பெரிய கிடங்குகள் உள்ளன. புண் ஆற்றி, பின் 14 டிகிரிக்கு இறக்கி, கிழங்கை ஏறக்குறைய ஓர் ஆண்டுகூட வைத்திருக்கிறார்கள்.

அதே வேலையைக் குளிர்நாட்டு வீட்டுச் சமையலறையிலும் செய்யலாம். துளையிட்ட பிளாஸ்டிக் பையில் கிழங்கைப் போட்டு, ஹீட்டர் அருகிலோ கொதிகலன் இருக்கும் அலமாரியிலோ ஒரு வாரம், பத்து நாள் வைப்பார்கள்; பையின் உட்புறம் முத்துமுத்தாக நீர் கோத்தால் துளைகளைப் பெரிதாக்குவார்கள். பிறகு ஒவ்வொன்றையும் செய்தித்தாளில் சுற்றி, அட்டைப்பெட்டியில் அடுக்கி, வீட்டின் குளிர்ந்த ஆனால் நடுங்காத இடத்தில் வைப்பார்கள். மாடிப்படிக்கு அடியில் அப்படி ஓர் இடம் பெரும்பாலான வீடுகளில் உண்டு. கார் நிறுத்தும் கொட்டகை வேண்டாம். ஒரே இரவில் 5 டிகிரிக்கு இறங்கிவிடும். மாதம் ஒருமுறை பிரித்துப் பார்த்து, மெத்தென்று ஆனதை எடுத்து எறிய வேண்டும்.

எறிய வேண்டும் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பூஞ்சையோ கூன்வண்டோ தாக்கினால் இந்த வேர் தன்னைக் காத்துக்கொள்ள இப்போமியமரோன் என்ற கசப்புப் பொருளைத் தயாரிக்கிறது. கல்லீரலுக்குக் கெடுதல் செய்வது அது. சிலவகைப் பூஞ்சை பிடித்த கிழங்கில் அதோடு தொடர்புடைய இன்னொரு நஞ்சும் உருவாகி, தின்ற மாடுகளின் நுரையீரலைத் தாக்கிக் கொன்றிருக்கிறது. வேகவைத்தாலும் இவை முழுவதும் போய்விடுவதில்லை. கசக்கும் பகுதியை மட்டும் அரிந்துவிட்டு மீதியைக் குழம்பில் போடும் சிக்கனமும், கெட்டதை மாட்டுக்குப் போடும் பழக்கமும் இந்தக் கிழங்குக்கு ஆகாது.

இத்தனை சிரமத்துக்கும் நாக்குக்குக் கிடைக்கும் கூலி தாராளமானது. அன்று தோண்டிய கிழங்கு பெரும்பாலும் மாவாகவே இருக்கும். புண் ஆறும் வாரத்திலும் அடுத்த சில வாரங்களிலும் மாவின் ஒரு பங்கு சர்க்கரையாக மாறுகிறது. மீதி மாற்றம் அடுப்பில் நடக்கிறது. இதில் பீட்டா அமைலேஸ் என்ற நொதி ஏராளம். மாவு சூட்டில் இளகத் தொடங்கியதும் அது மாவுச் சங்கிலியிலிருந்து மால்டோஸைத் துண்டு துண்டாகக் கத்தரித்து எடுக்கும். ஆனால் 80 டிகிரியை நெருங்கும்போது நொதியே செத்துவிடும். மாவு இளகுவதற்கும் நொதி சாவதற்கும் இடைப்பட்ட சூட்டில் கிழங்கு எவ்வளவு நேரம் கழிக்கிறதோ அவ்வளவு இனிப்பு. தணலில், சாம்பலுக்குள் மெல்லச் சுட்டது அவ்வளவு இனிப்பதும், ஜப்பானியத் தெருக்களில் சூடான கூழாங்கல்லில் மணிக்கணக்கில் சுட்டு விற்பதும், மைக்ரோவேவில் அவசரமாக வெந்தது சப்பென்று இருப்பதும் இந்தக் கணக்கால்தான்.

இனி கொடி. கிழங்கையே அடுத்த பருவம்வரை காப்பாற்றிவிட்டால் கொடியை வேறு எதற்குக் காப்பாற்ற வேண்டும்? குளிர்நாட்டில் பனியில்லாத காலம் நான்கைந்து மாதம்தான். சேமித்த கிழங்கிலிருந்து நாற்று எடுக்க வேண்டுமானால் 25 டிகிரிக்கு மேல் சூடுள்ள மணல் படுக்கையில் அதை வைத்து ஒன்றரை மாதம் காத்திருக்க வேண்டும். பச்சைக் கொடி கையில் இருந்தால் அந்தக் காத்திருப்பு இல்லை. விதை போடலாமே என்றால், இந்தச் செடி தன் மகரந்தத்தைத் தானே ஏற்காது. ஆறு தொகுதிக் குரோமோசோம்கள், மொத்தம் 90. விதையிலிருந்து வருவது தாயைப்போல இருக்காது. ஆகவே ஒரு ரகம் என்பது உண்மையில் ஒரே கொடிதான், கை மாறிக் கை மாறி வெட்டி நட்டு வருவது. அந்தக் கொடி அறுந்தால் ரகம் அறுந்தது.

இரவுக் குளிர் 10 டிகிரிக்கு இறங்குவதற்கு முன்பே கொழுந்து நுனிகளை ஒரு சாண் அளவுக்கு வெட்ட வேண்டும். உறைபனி ஒருமுறை தொட்டுவிட்டால் வெட்டிப் பயனில்லை. அப்போது கருகிய கொடியை உடனே அறுத்துவிட்டுக் கிழங்கைத் தோண்ட வேண்டும், அழுகல் கீழே இறங்கும் முன்பே. கீழ் இலைகளைக் கிள்ளிவிட்டுத் தண்ணீர்க் குவளையில் நிறுத்தினால் சில நாளில் வேர் எட்டிப் பார்க்கும். எந்த வேர்விடும் மருந்தும் வேண்டாம். இலைக்காம்பு தண்டில் சேரும் ஒவ்வொரு கணுவிலும் வேரின் தொடக்கங்கள் ஏற்கனவே உருவாகி, ஈரம் படுவதற்காகக் காத்திருக்கின்றன. நம் வயல்களில் வெட்டிய கொடியைக் கணுக்கள் மண்ணுக்குள் இருக்கும்படி பதித்துத் தண்ணீர் பாய்ச்சியதும் வேர் பிடிப்பதும் இதே காரணத்தால்தான்.

குவளையிலேயே குளிர்காலம் முழுவதும் ஓட்ட முடியும், ஆனால் தொட்டி மண்ணில் வைத்தால் செடி வலுவாக இருக்கும். வெயில் படும் ஜன்னலுக்கு அருகே, அதே சமயம் கண்ணாடியின் குளிர் தொடாத தூரத்தில் வைக்க வேண்டும். டிசம்பர் வெளிச்சம் போதாமல் கொடி வெளுத்து நெட்டையாக ஓடும். அதில் கவலைப்பட ஒன்றுமில்லை, அவ்வப்போது கிள்ளிவிட்டால் போதும். கிள்ளிய கொழுந்து நல்ல கீரை. தண்ணீர் அதிகம் ஊற்றுவதுதான் வெளிச்சக் குறைவைவிடப் பெரிய ஆபத்து. ஹீட்டர் ஓடும் வறண்ட அறையில் இலைக்கு அடியில் சிவப்புச் சிலந்தி சேரும். வாரம் ஒருமுறை குழாயடியில் இலைகளைக் கழுவினால் அடங்கும். எலுமிச்சைப் பச்சையிலும் கருஞ்சிவப்பிலும் இலை விடும் அலங்காரக் கொடிகளைத் தொங்கு தொட்டியில் வளர்க்கும் அமெரிக்கர்களில் பலர் வருடா வருடம் இப்படித்தான் அவற்றைக் காப்பாற்றுகிறார்கள். அவையும் இதே இனம்தான்.

வசந்தத்தில் பலர் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. தொட்டியில் ஆறு மாதம் இருந்த செடியை அப்படியே பெயர்த்துத் தோட்டத்தில் நட்டால், கிழங்கு முறுக்கிக்கொண்டு, ஒன்றோடொன்று பின்னிக் கோணல்மாணலாக விளையும். நட்ட முதல் சில வாரங்களில் முளைக்கும் வேர்களில் சிலதான் பின்னால் கிழங்காகப் பருக்கின்றன. தொட்டியின் சுவரைச் சுற்றி வளைந்துபோன வேர் வளைந்தபடியே பருக்கும். எனவே தொட்டிச் செடியைத் தாயாக வைத்துக்கொண்டு, அதிலிருந்து புதிதாக ஓர் அடி நுனிக்கொடிகளை வெட்டி நேரே மண்ணில் நட வேண்டும். மண் 18 டிகிரியாவது சூடேறியிருக்க வேண்டும்.

குளிருக்குப் பதிலாக வறட்சி வந்தாலும் இதே சிக்கல்தான். கிழக்கு ஆப்பிரிக்காவில் நீண்ட கோடையில் கொடி காய்ந்துபோகும். மழை வரும்போது நடுவதற்கு எதுவும் இருக்காது. அங்கே சர்வதேச உருளைக்கிழங்கு மையம் பரப்பிய முறையில், வண்டு தாக்காத சிறு கிழங்குகளைப் பேசினில் உலர்ந்த மணலுக்குள் அடுக்கி வைக்கிறார்கள். முளை வந்தால் கிள்ளிவிடுகிறார்கள். மழைக்கு ஆறு முதல் எட்டு வாரத்துக்கு முன்பு எடுத்து, வீட்டருகே நட்டுத் தண்ணீர் ஊற்றுகிறார்கள். மழை விழும் நாளில் வெட்டுவதற்குக் கொடி தயார்.

வெட்டி வெட்டி நடுவதில் ஒரு விலை இருக்கிறது. வைரஸ் கொடியோடு கூடவே பயணம் செய்யும். அசுவினியும் வெள்ளை ஈயும் ஆளுக்கொரு வைரஸைக் கொண்டுவந்து சேர்க்க, இரண்டும் ஒரே செடியில் கூடினால் விளைச்சல் சரிந்துவிடும். ஜன்னலோரத் தொட்டிகளும் இதற்கு விலக்கல்ல. கொடியைச் சூட்டறையில் வைத்து வைரஸின் பெருக்கத்தை அடக்கி, பிறகு அரை மில்லிமீட்டருக்கும் குறைவான வளர்நுனியை மட்டும் நறுக்கி, சோதனைக் குழாயில் வளர்த்து நோயற்ற செடியாக்குகிறார்கள். அந்த நுனிவரை வைரஸ் பெரும்பாலும் எட்டுவதில்லை.

பெருவின் லிமாவில், அதே சர்வதேச உருளைக்கிழங்கு மையத்தில், உலகின் மிகப் பெரிய சர்க்கரைவள்ளித் தொகுப்பு ஆயிரக்கணக்கான சோதனைக் குழாய்களில் இருக்கிறது. அங்கேயும் அதைத் தூங்க வைக்க முடியவில்லை. உருளைக்கிழங்கு நாற்றைக் குளிர் அறையில் வைத்துவிடலாம். இதை 20 டிகிரியை ஒட்டிய சூட்டில்தான் வைக்க வேண்டியிருக்கிறது. அதனால் வளர்ச்சியை மட்டுப்படுத்தும் சர்க்கரை ஆல்கஹாலை ஊட்டக் கூழில் கலந்து மெதுவாக வளர விடுகிறார்கள். குழாய் நிரம்பியதும் நறுக்கிப் புதுக் குழாயில் மாற்றுகிறார்கள். அசைவே இல்லாமல் நிறுத்த ஒரே வழி, வளர்நுனிகளைப் பக்குவப்படுத்தி மைனஸ் 196 டிகிரி திரவ நைட்ரஜனில் இறக்குவது. அதிலும் எல்லா ரகங்களும் ஒன்றுபோலப் பிழைத்து எழுவதில்லை. எந்த ரகம் எவ்வளவு தாங்கும் என்று ஒவ்வொன்றாகச் சோதிக்க வேண்டியிருக்கிறது.